ஊருக்கெல்லாம் சொன்ன ஆபரேஷன்

என் வீட்டுச் சுவரில் சிவப்பு முக்கோணத்தை வரைந்தவன் நான்தான். அந்தப் பழியை வேறு யார்மேலும் போட முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வடக்குப்பட்டுப் பக்கமாக ஒரு கிராமத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்கு உத்தியோகம், குடும்பக் கட்டுப்பாட்டு ஊழியர். சைக்கிளில் ஊர் ஊராகப் போக வேண்டும். இரண்டு பிள்ளை பெற்ற ஆண்களைத் தேடிப் பிடித்துப் பேசி, பயம் தெளிய வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆபரேஷனுக்கு அழைத்துவர வேண்டும். ஊரில் எனக்குப் பெயர் ‘ஆபரேஷன் சாரு’. வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. தகுதிகாண் பருவம் என்பார்கள். இவனை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்று அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கும் காலம். ஊரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் வீடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. அத்தனை பேர் கண்ணில் படுகிற சுவரை வெறுமனே விடுவானேன் என்று, உற்சாகம் தாங்காமல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தை நானே போட்டேன். அதன் கீழே இரண்டு பெரிய தலை, இரண்டு சின்னத் தலை. எனக்குப் படம் வராது. நான்கு தலைக்கும் ஒரே முகம் அமைந்துவிட்டது. நான்கும் என் முகம் என்று மனைவி சொன்னாள். எங்களுக்கும் இரண்டு பெண்கள்தான் என்பதால், சாரு தன் ஃபேமிலி போட்டோவைச் சுவரில் மாட்டிக்கொண்டிருப்பதாக ஊர் முடிவு செய்தது.

அந்தப் போட்டோவை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். அவனுக்கும் இரண்டு பெண்கள். ஆண் பிள்ளை வேண்டும் என்று அவன் அம்மா வீட்டில் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தாள். அவன் கடை பெஞ்சில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசித்தான் அவனை மசிய வைத்தேன். கடைசியில் அவனை விழ வைத்தது என் பேச்சு சாமர்த்தியம் இல்லை. ஒரே ஒரு வாக்கியம்.

எங்கள் தொழிலில் மூத்தவர்கள் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. “நானும் பண்ணிக்கிட்டேன்னு சொல்லுய்யா. பல்பொடி விக்கிறவன் பல்லைக் காட்ட வேணாமா? அதுல வசதி என்னன்னா, இதை எவனும் காட்டச் சொல்ல மாட்டான்.”

நானும் சொன்னேன். “பண்ணிக்கிட்டேம்பா. எறும்பு கடிச்ச மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.” முதலில் கொஞ்சம் திக்கியது. பிறகு சரளமாயிற்று. போகப் போக அந்த ஆபரேஷனுக்குக் கை கால் முளைத்தது. எந்தப் பக்கம் தையல், என்ன மாத்திரை, எத்தனையாவது நாள் ஸ்ரீபெரும்புதூர் வரை சைக்கிள் மிதித்தேன் என்றெல்லாம் வந்தது. ஒரு கட்டத்தில் மழை நாளில் எனக்கே அந்த இடத்தில் லேசாக வலித்தது.

இப்படியிருக்கையில் ஒரு காலை என் மனைவி அவசரமாக வெளியே வந்து, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வாந்தி எடுத்தாள். கை ஊன்றியிருந்த இடம் முக்கோணத்தின் நடு மத்தி.

எதிரே சைக்கிள் கடைக்காரன் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான். ஓட்டையைத் தேடுகிற அதே கண்ணோடு என் மனைவியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

“நேத்து மொச்சைக்கொட்டை ஒத்துக்கல போல,” என்று சாலைக்கே கேட்கும்படி சொன்னேன்.

உள்ளே வந்ததும் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “மொச்சைக்கொட்டையா? நேத்து ரசம்தானே வச்சேன்.” கொஞ்சம் பொறுத்து, “நாள் தள்ளிப் போயிருக்கு,” என்றாள்.

வேறு வீடாக இருந்தால் அந்த இடத்தில் புருஷன் சிரித்திருப்பான். எனக்கு விக்கல் வந்தது. பயந்தால் எனக்கு விக்கல் வரும், பிறவிக் கோளாறு. “இப்போ எதுக்கு விக்குது?” என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். பின் சக்கரத்தில் காற்று இல்லை. சுற்று வட்டாரத்தில் பஞ்சர் ஒட்டுகிறவன் ஒருத்தன்தான்.

தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

“இன்னா சார், வூட்ல ஒடம்பு சரியில்லியா?”

“ஆமாம்பா. கொஞ்சம் வாயு.”

“வாயுவா.” சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான். “எங்கூட்லயும் ரெண்டு தபா அந்த வாயு வந்துது சார். ஒண்ணு மூணாவது படிக்குது, இன்னொண்ணு ஒண்ணாவது படிக்குது.”

நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் சாலையைப் பார்த்தேன்.

“நேராவே கேக்கறேன் சார். உங்களுக்குப் பண்ண ஆபரேஷன் புட்டுக்கிச்சா?”

விக்கல்.

“ஏன் கேக்கறேன்னா, உங்கள நம்பித்தான் நானும் பண்ணிக்கினேன். உங்களுது புட்டுக்கினா என்னுதும் ஒருநாள் புட்டுக்கும். நாளைக்கு எம் பொண்டாட்டி செவுத்துல கைய வச்சிக்கினு வாந்தி எடுத்தா நான் இன்னான்னு நெனைக்கிறது? ஆபரேஷன சந்தேகப்படறதா, அவள சந்தேகப்படறதா?”

அவன் கோபமாகக் கேட்கவில்லை. டியூபைச் சுரண்டிக்கொண்டே, தூங்காத மனுஷனின் குரலில் கேட்டான். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. ஊர்க் கணக்குப்படி நான் ஆபரேஷன் ஆனவன். ஆபரேஷன் ஆனவன் பெண்டாட்டி வாந்தி எடுத்தால் ஊர் எதைச் சந்தேகப்படும்?

“பார்க்கலாம்பா,” என்றேன். எதைப் பார்ப்பது என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. சக்கரத்தை மாட்டியதும் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பஞ்சர் ஒட்டினானா என்றுகூடப் பார்க்கவில்லை. ஒட்டித்தான் இருந்தான்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். அடிபம்பிலிருந்து கொண்டுவந்த குடம் இடுப்பிலேயே இருந்தது. இறக்கி வைக்கவில்லை.

“நீங்க எப்போ ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?”

“யாரு சொன்னா?”

“பம்படியில அத்தனை பேரும் சொல்றாங்க. எந்தப் பக்கம் தையல்னுகூட ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு. ஊர் பூராவும் சொல்லியிருக்கீங்க, எனக்கு மட்டும் சொல்லல.”

“அது வேலைக்காகச் சொன்னது.”

“நான் போனதும் பேச்சை நிறுத்திட்டாங்க. ஒருத்தி என் வயித்தைப் பாத்துட்டு இன்னொருத்திகிட்ட கண்ணைக் காட்டறா. அதுவும் வேலைக்காகத்தானா?”

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் சபைக்குக் குடும்பக் கட்டுப்பாடு பாவம். இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து கோயிலில் நான் கடைசி பெஞ்சுக்கு முன்னால் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்று மெல்லச் சொன்னேன். இனி பொய் சொல்வதில்லை என்று அவர் முன்னால் வாக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

“சாமியார்கிட்ட சொன்னா அவர் யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. அதனால எனக்கு என்ன பிரயோஜனம்?” குடத்தை அப்போதுதான் இறக்கினாள். “பம்படியில சொல்லுங்க.”

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் பெயர் போகும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு நல்ல புருஷன் யோசிக்கவே மாட்டான். நான் யோசித்தேன். சைக்கிளில் யோசித்தேன், ஏரிக்கரையில் யோசித்தேன், பூசையில் முழங்காலில் இருக்கும்போது யோசித்தேன். அடிபம்பு இருந்த தெருவை விட்டுச் சுற்று வழியில் போய்வந்தேன். அந்த வாரம் முழுக்க விக்கலும் என்கூடவே வந்தது.

ஒருநாள் சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்து இறங்கினார். என்னைவிட இரண்டு படி மேலே இருந்த உத்தியோகஸ்தர். நல்ல மனுஷன்தான், எந்தச் சங்கடத்துக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்.

“யோவ், உன்மேல கம்ப்ளெயின்ட்.”

“ஆபீஸ்ல என்ன சார் தப்பு பண்ணேன்?”

“ஆபீஸ்ல ஒண்ணும் இல்லை. ஆபீஸ் நேரம் முடிஞ்சப்புறம் பண்ணதுக்குத்தான்.”

சைக்கிள் கடைக்காரன் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறான். மனு எழுதித் தரச் சொன்னார்களாம். எழுதினால் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், வாயாலேயே சொல்கிறேன் என்று அங்கிருந்த டாக்டரம்மா முன்னால் நின்று சொல்லியிருக்கிறான். ஊருக்கு இரண்டு போதும் என்கிறவர் வீட்டில் மூன்றாவது வருகிறது. ஒன்று அவர் சொன்னது பொய், இல்லை ஆபரேஷனே பொய். எது என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும். இவ்வளவுதான் அவன் புகார். அடுத்த வாரம் டாக்டரம்மா அவனையும் என்னையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்.

அரசு ஊழியர் நடத்தை விதிகள் புத்தகத்தை நான் ஏற்கனவே தேடியெடுத்துப் படித்திருந்தேன். குடித்துவிட்டுத் தெருவில் நிற்கக்கூடாது, இரண்டாம் கல்யாணம் கூடாது என்று அதில் ஏகப்பட்ட கூடாதுகள் இருந்தன. முதல் மனைவி முழுகாமல் இருக்கக்கூடாது என்று எங்கேயும் இல்லை. இதைச் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“அதுக்கில்லைய்யா. பொய் சொல்லிக் கேஸ் பிடிச்சேன்னு ஆச்சுன்னா? உன் தகுதிகாண் ஃபைல் அம்மா மேஜைமேலதான் கிடக்கு. ஒரு கையெழுத்து, நீ வீட்டுக்குப் போகலாம்.” நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “பட்டணத்துல ஒரு பிரைவேட் டாக்டர்கிட்ட பண்ணிக்கிட்டேன், ஃபெயிலாயிடுச்சுன்னு சொல்லிடு. எப்பவாவது ஒண்ணு அப்படி ஆகறதுதான். அம்மாவுக்கே தெரியும்.”

“எந்த டாக்டர்னு கேட்டா?”

“செத்துட்டார்னு சொல்லு.”

“பேரு கேப்பாங்களே சார்.”

“செத்துப்போன டாக்டருக்குப் பேர் எதுக்குய்யா?” குரலை இன்னும் தாழ்த்தினார். “அதுவும் வேணாம்னா இன்னொரு வழி இருக்கு. இன்னும் நாள் ஆகலை இல்லையா? அம்மாவே சுத்தம் பண்ணிடுவாங்க. கம்ப்ளெயின்ட்டே இல்லாமப் போயிடும்.”

மனைவி சமையலறையிலிருந்து காபி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். எவ்வளவு கேட்டிருந்தாள் என்பது டம்ளர் வைத்த சத்தத்தில் தெரிந்தது.

“ஆறிடும் சார். குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

அவர் நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துவிட்டுக் கிளம்பினார். மனைவி டம்ளரை எடுத்துப்போய்க் கழுவினாள். அவள் திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

விசாரணை நாளன்று பஸ்ஸில் தனியாகப் போனேன். வழியெல்லாம் அந்தச் செத்துப்போன டாக்டருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தேன். மயிலாப்பூரில் ஒரு வீடு, ஒரு தங்க ஃப்ரேம் கண்ணாடி, கடைசியில் ஒரு மாரடைப்பு. இறங்குவதற்குள் அவருக்காக எனக்குக் கொஞ்சம் துக்கமே வந்துவிட்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராண்டாவில் மேஜை போட்டு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண்மணி. சைக்கிள் கடைக்காரன் துவைத்த சட்டையில் வந்திருந்தான். நான் அழைத்துவந்து ஆபரேஷன் செய்துகொண்ட வேறு சில ஆண்களும் தூணோரம் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. தங்கள் உடம்பைப் பற்றிய விசாரணை என்று தாங்களாகவே வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நோயாளிப் பெண்கள் உட்காரும் பெஞ்சில் என் மனைவி இருந்தாள். முந்தின பஸ்ஸில் வந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடைக்காரனின் மனைவி.

அவன் தன் புகாரை இன்னொரு முறை சொன்னான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நீங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?”

மயிலாப்பூர் டாக்டர் நாக்கு நுனியில் தயாராக நின்றார். வாயைத் திறந்தேன். விக்கல் வந்தது. இன்னொரு விக்கல்.

“தண்ணி குடிங்க.”

ஓடிப்போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தவன் யார் என்று பார்த்தால், சைக்கிள் கடைக்காரன். “மூச்சு வுடாம குடிங்க சார்,” என்றான். மூச்சு விடாமல் குடித்தேன். டம்ளரின் விளிம்புக்கு மேலே அந்தப் பெஞ்சு தெரிந்தது. என் மனைவி என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஆபரேஷன் ஃபெயில் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்றிலிருந்து அவளுக்குத் தலை சுற்றினாலும் குற்றம், மாங்காய் தின்றாலும் குற்றம். தூணோரம் நிற்கிறவர்கள் வீட்டிலும் அதே கதைதான். தண்ணீர் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கக்கூடாதா என்று டம்ளருக்குள் பார்த்தேன்.

“இல்லைங்கம்மா. நான் பண்ணிக்கல.”

வெளியே ஒரு லாரி போயிற்று.

“எப்பவுமே பண்ணிக்கலியா?” என்று கேட்டான் சைக்கிள் கடைக்காரன்.

“எப்பவுமே.”

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அப்போ என்னுது நல்லா கீதாம்மா?”

“உனக்கு நான்தானே பண்ணேன். அப்புறம் டெஸ்ட்டும் பண்ணிப் பாத்தாச்சு. நல்லா இருக்கு. போய் நிம்மதியா தூங்கு.”

பெஞ்சில் முந்தானை சுருட்டுவது நின்றது. தூணோரம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். சைக்கிள் கடைக்காரனுக்கு நிம்மதி வந்ததும் அதன் பின்னாலேயே கோபம் வந்தது. “எம் பெஞ்ச தேச்சிக்கினு ஒக்காந்து, எந்தப் பக்கம் தையல்னு கை காட்டி, அத்தினியும் பொய்யி சொன்னியே சார்,” என்றான் அவன். ‘சார்’ இருந்தது. ‘ங்க’ போய்விட்டது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “பொய் சொன்னதுக்கு நான் மெமோ கொடுக்கறேன். வீட்டுல குழந்தை பிறக்கப் போறதுக்கு நான் ஒண்ணும் கொடுக்க முடியாது. அது அவங்க வீட்டு விஷயம்.”

“அப்போ இப்பவாவது பண்ணிக்கச் சொல்லுங்கம்மா.”

“கட்டாயப்படுத்த மாட்டேன். அவரா சம்மதிக்கணும். யாராவது உக்காந்து எடுத்துச் சொல்லி, பயத்தைப் போக்கிக் கூட்டிட்டு வரணும். அதுதான் முறை.”

சைக்கிள் கடைக்காரன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். “நான் பேசறேம்மா.”

பேசினான். தினமும் கடையைச் சாத்திவிட்டு என் வீட்டுக்கு வந்தான். நான் அவன் கடையில் எப்படிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேனோ அப்படியே உட்கார்ந்தான். நான் சொன்ன அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். பலம் குறையாது. பாரம் தூக்கலாம், ஒரு வாரம் பொறுக்கணும். அன்று அவன் கேட்ட கேள்விகளையெல்லாம் இப்போது நான் கேட்டேன்.

“வலிக்குமாப்பா?”

“உனுக்குத் தெரியாதா சார்? நீதான சொன்ன, எறும்பு கடிச்ச மாதிரின்னு.”

“அதுக்கப்புறம் எல்லாம் பழைய மாதிரி...”

“என்னியக் கேக்கறியே, நீ எத்தினி பேருக்கு கேரண்டி குடுத்துக்கீற.”

உள்ளே மனைவி சிரிப்பது கேட்டது. அந்த வாரங்களில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. நான் சம்மதித்ததற்கு அவன் பேச்சைவிட அந்தச் சிரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். சாமியார் என்ன சொல்வார் என்று மனைவியிடம் கேட்டேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, இனி எங்கே அனுப்புவார் என்றாள்.

ஆபரேஷன் கேம்ப் நடந்த நாளன்று அவன் என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போனான். மேஜைமேல் படுக்க வைத்தார்கள். அத்தனை பேரின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்திருக்கிறேன். அந்த மேஜை இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று ஒருத்தனும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு விக்கல் ஆரம்பித்தது. விக்கினால் கத்தி நகரும் என்று டாக்டரம்மா சொன்னதும் சட்டென்று நின்றுவிட்டது.

“எறும்புதான் சார்,” என்றான் அவன், என் கையைப் பிடித்துக்கொண்டு. “எறும்புதான்.”

ஊசி இறங்கியது. எறும்புதான். ஆனால் அது எந்த ஜாதி எறும்பு, எவ்வளவு பெரிசு என்பதை இத்தனை காலமும் நான் யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

முடிந்ததும் அட்டையில் ‘அழைத்து வந்தவர்’ என்ற இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். வழக்கமாக நான் போடுகிற இடம். பிறகு எனக்கு ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோருக்கும் கொடுப்பதுதான். புது பக்கெட்டோடு ஒரு ஆண்பிள்ளை அந்தத் தடத்து பஸ்ஸில் ஏறினால், எங்கே போய்விட்டு வருகிறான் என்று கண்டக்டர் முதல் கைக்குழந்தை வரைக்கும் தெரியும். அதை மறைத்துக்கொள்ள என் ஆட்கள் ஒவ்வொருவரும் துண்டு, கோணிப்பை என்று என்னென்னவோ கொண்டுவருவார்கள். நானும் துண்டு எடுத்துப்போயிருந்தேன். சைக்கிள் கடைக்காரன் அதை வாங்கித் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டான். “குளுருது சார்,” என்றான். சித்திரை மாசம்.

மெமோ வந்தது. தகுதிகாண் பருவத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பவில்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள்.

“நீங்க இன்னும் பம்படியில சொல்லல,” என்றாள்.

“அதான் ஊருக்கே தெரிஞ்சு போச்சே.”

“ஊர் சொல்லித் தெரிஞ்சது. நீங்க சொல்லல.”

தையல் ஆறுகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஒரு காலை, நல்ல கூட்டமாக இருக்கிற வேளை பார்த்து, நீல பக்கெட்டை என் கையில் கொடுத்தாள். அவளுக்கு வயிறு வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. இனி குடம் தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சாலையில் நடந்தேன். சைக்கிள் கடைக்காரன் எழுந்து நின்று பார்த்தான். பம்படியில் பேச்சு நின்றது. குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். பக்கெட்டை வைத்தேன். வரும் வழியில் தயார் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் இல்லை.

“நான் அப்போ சொன்னது பொய்ங்க,” என்றேன். “எங்க வீட்டுல எந்தத் தப்பும் இல்லை. இப்போ போன வாரம்தான் பண்ணிக்கிட்டேன்.”

பம்பை அடிக்கத் தொடங்கினேன். பக்கெட் பாதி நிரம்பியபோது, அன்று கண்ணைக் காட்டியவளாகத்தான் இருக்க வேண்டும், ஒருத்தி குடத்தின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“இந்தத் தபாவாச்சும் நெசமா சார்?”